சொம்பை ஜன்னல் பக்கத்தில் வை

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயல்,

கேமராவில் எல்லா எண்களையும் நீயே வைத்து, மேனுவலாக எடுத்து அனுப்பிய ஐந்து படங்களும் வந்துவிட்டன. வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு என்று அப்பா சொன்னபடியே செய்திருக்கிறாய். அதனால் ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டையின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம்) எண்கள் அப்படியே வந்திருக்கின்றன. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நானும் அப்பாவும் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

போனில் அப்பா உனக்கு விளக்கியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அஞ்சு ஸ்டாப் தள்ளிப் போயிருக்கு, ஐஎஸ்ஓவை ஏத்து, இல்லைன்னா லென்ஸைத் திற" என்றார். நீ "சரிப்பா" என்றாய். அந்தச் "சரிப்பா" எனக்கு நன்றாகத் தெரியும். 35 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மனுஷரிடம் அப்படித்தான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் புரியாமல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பதினான்கு வயதில் போட்டோ ஸ்டுடியோவுக்குள் போனவர். யோசிப்பதற்கு முன்பே அவர் கை டயலைத் திருப்பிவிடும். நான் கல்யாணமாகி வந்து, இருபத்தாறு வயதில், தப்புத் தப்பாக எடுத்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவள். எந்த இடத்தில் புரியாமல் போகும் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

முதலில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் எடுத்த படம். பூக்காரம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் செவ்வந்தி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது, மூக்குத்தியில் பல்பு வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்கிறது. பூத் தொடுக்கும் விரல்கள் மட்டும் புகை மாதிரிக் கலைந்துவிட்டன. "என் கை ஆடிவிட்டது போலிருக்கிறது" என்று எழுதியிருந்தாய். உன் கை ஆடவில்லை, கயல். ஆடியிருந்தால் அந்த மூக்குத்திப் புள்ளியும் கோடாக இழுபட்டிருக்கும். உன் லென்ஸில் வி.ஆர். என்று எழுதியிருக்கிறதே, அது கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதி. உன் கையை அது பார்த்துக்கொண்டது. எதிரில் இருப்பவருடைய கை அசைவதற்கு அது ஒன்றும் செய்ய முடியாது. அதை நிறுத்த ஷட்டர் ஒன்றால்தான் முடியும்.

நீ வைத்திருந்த ஷட்டர் 1/10. விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கேட்கக் கொஞ்ச நேரம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் தினமும் நூறு முழம் தொடுக்கிற விரலுக்கு அது தாராளமான நேரம், அதற்குள் நூல் ஒரு சுற்று சுற்றிவிடும். அந்த விரலை நிறுத்த 1/320 வேண்டும் என்றார் அப்பா. இப்போது கணக்குப் போட்டுப் பார். 1/10, 1/20, 1/40, 1/80, 1/160, 1/320. ஐந்து தடவை பாதியாக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் உள்ளே வரும் வெளிச்சமும் பாதியாகிறது. இழந்ததை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். ஐஎஸ்ஓவை ஐந்து தடவை இரட்டிப்பாக்கு: 100, 200, 400, 800, 1600, 3200. அவ்வளவுதான். அதே அளவு வெளிச்சமான படம், விரல்கள் மட்டும் நின்றிருக்கும். அப்பா சொன்ன "அஞ்சு ஸ்டாப்" என்பது இந்த ஐந்து படிதான். ஸ்டாப் என்றால் வேறு ஒன்றும் இல்லை, வெளிச்சம் ஒரு தடவை இரட்டிப்பது அல்லது ஒரு தடவை பாதியாவது.

இன்னொரு வழியும் இருந்தது. நீ லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து நீட்டி, தள்ளி நின்று எடுத்திருக்கிறாய். அங்கே அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் சின்னதானால் ஓட்டை பெரிது. 18க்குக் குறைத்தால் 3.5 வரை திறக்கும், வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேலாக உள்ளே வரும். அதற்கு நீ அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும். கூச்சமாக இருந்திருக்கும், தெரியும். இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எடு.

ஐஎஸ்ஓ 100ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ராத்திரி எடுத்த பிறந்தநாள் படத்தில் 3200 வைத்து, புள்ளி புள்ளியாக வந்ததைப் பார்த்து நீயும் பயந்துவிட்டாய். அந்தப் பயத்தில்தான் மார்க்கெட்டில் 100ஐ விட்டு நகரவே இல்லை. புள்ளி இருந்தால் இருக்கட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். விரல் கலைந்து போன படத்தை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. எங்கள் காலத்தில் 100 ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவுக்கு அப்போதைய பெயர்) ஃபிலிம் ரோலைப் போட்டுவிட்டால் 36 படமும் முடிகிறவரை 100தான். வெயிலில் இருந்தாலும் கர்ப்பகிரகத்துக்கு வெளியே இருட்டில் நின்றாலும் அதே ரோல். நீ ஒவ்வொரு படத்துக்கும் புது ரோல் மாட்டிக்கொள்ளலாம். கிடைத்திருக்கும் அந்த வசதியைப் பயமில்லாமல் பயன்படுத்து.

இந்தப் பாதி, இரட்டிப்புக் கணக்கு எனக்குக் கேமராவில் விளங்கவில்லை. டார்க் ரூமில்தான் விளங்கியது. கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எனக்குக் கொடுத்த வேலை பிரிண்ட் போடுவது. மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அறை. சிவப்பு பல்பு. மூன்று தட்டு: ஒன்றில் படத்தை வரவைக்கும் டெவலப்பர், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் அதை நிலைக்கவைக்கும் ஹைப்போ. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர்தான் பெரும்பாலும் வாங்குவோம். ஒரு முழுப் பேப்பரை வீணாக்கக் கூடாது என்று அப்பா முதலில் ஒரு நீளத் துண்டு வெட்டித் தருவார். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் அதை வைத்து இரண்டு விநாடி வெளிச்சம் காட்ட வேண்டும். பிறகு ஒரு அட்டையால் கால்வாசியை மூடிவிட்டு இன்னும் இரண்டு விநாடி. பாதியை மூடிவிட்டு நாலு விநாடி. முக்கால்வாசியை மூடிவிட்டு எட்டு விநாடி. ஆக, ஒரே துண்டில் 2, 4, 8, 16 என்று நாலு பட்டை. இதைத்தான் டெஸ்ட் ஸ்ட்ரிப் என்போம்.

டெவலப்பரில் போட்டதும் முதலில் ஒன்றுமே தெரியாது. தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பேன். திடீரென்று 16 விநாடிப் பட்டை கறுக்க ஆரம்பிக்கும், அப்புறம் 8, அப்புறம் 4. இரண்டு விநாடிப் பட்டையில் முகம் இருப்பதே தெரியாது. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, இரண்டிலிருந்து நாலுக்கு எவ்வளவு மாறியதோ, கண்ணுக்கு அதே அளவுதான் எட்டிலிருந்து பதினாறுக்கும் மாறுகிறது. அன்றைக்குத்தான் புரிந்தது, வெளிச்சத்தில் கூட்டல் கணக்கு வேலைக்கு ஆகாது, பெருக்கல்தான். என்லார்ஜர் லென்ஸிலும் உன் கேமராவில் இருக்கிற அதே எஃப் எண்கள் இருக்கும். ஒரு படி மூடினால் நேரத்தை இரட்டிப்பாக்கு, பிரிண்ட் அப்படியே வரும். இதைத் தினமும் முப்பது நாற்பது தடவை செய்த பிறகு கேமராவை எடுத்தபோது பாதிப் பாடம் முடிந்திருந்தது.

எஃப் எண் பெரிதானால் ஓட்டை ஏன் சின்னதாகிறது என்று நீ கேட்டதற்கு அப்பா "அது அப்படித்தான்" என்றார். அது வகுத்தல். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் 50ஐ 2ஆல் வகு, ஓட்டையின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் 12.5. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும். அதனால் 2க்கும் 4க்கும் நடுவில் இரண்டு ஸ்டாப், இடையில் 2.8 உட்கார்ந்திருக்கிறது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடு. ஒன்று விட்டு ஒன்று இரட்டிப்பாகும்: 2, 4, 8, 16. நடுவில் இருப்பவையும் அப்படியே, 11 மட்டும் கொஞ்சம் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. போன தீபாவளிக்கு எடுத்துக்கொண்டு போனாயே, பாட்டியின் பித்தளைச் சொம்பு. அதைத் தேய்த்துத் துடைத்து ஜன்னல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் வை. வெயில் நேராக விழ வேண்டாம், பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் போதும். இன்னொரு நாற்காலியில் நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் கேமராவை வை. எம் (மேனுவல்) மோடுக்குப் போ. மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப் ஆகியிருக்கிறதா பார். இதை மறந்துவிடாதே, அது ஆன் ஆகியிருந்தால் நீ ஷட்டரை மாற்ற மாற்றக் கேமரா பின்னாலேயே ஐஎஸ்ஓவை மாற்றிக்கொண்டே வரும். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும், உனக்கு ஒன்றும் தெரியவராது.

ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6. இரண்டையும் தொடாதே. ஷட்டரை மட்டும் 1/15, 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 என்று மாற்றி ஆறு படம். உன் நிக்கான் டி3500இல் கட்டைவிரல் சக்கரம் மூன்று க்ளிக் திரும்பினால் ஒரு ஸ்டாப். மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே திருப்பு. ஆறு படத்தையும் வரிசையாக வைத்துப் பார். அதுதான் உன்னுடைய டெஸ்ட் ஸ்ட்ரிப். பித்தளை ஏன் என்று கேட்பாய். சொம்பின் கழுத்தில் ஜன்னல் வெள்ளையாகத் தெரியும், வயிற்றுப் பக்கம் தேன் நிறத்தில் இருக்கும், அடியில் இருட்டு. எந்தப் படத்தில் கழுத்து வெள்ளை வழிந்து உருவம் இல்லாமல் போகிறது, எதில் அடிப்பாகம் கறுப்பாகி ஸ்டூலோடு கலந்துவிடுகிறது என்று ஒரே பொருளில் பார்த்துவிடலாம். ஆறில் உனக்குப் பிடித்தது எது என்று எனக்கு எழுது. வெளிச்சத்தை அளந்து சொல்லும் மீட்டர் சரி என்று காட்டியது எது என்பதையும் எழுது. இரண்டும் ஒன்றாக இல்லாமலும் போகலாம்.

அப்பர்ச்சருக்கு இன்னொரு நாள். ஒரே நாளில் இரண்டையும் திருப்பினால் எது எதை மாற்றியது என்று தெரியாது. 55க்கு நீட்டி, சொம்புக்கு ஒன்றரை அடி தூரத்தில் வந்து, பால்கனித் தொட்டிச் செடிகள் பின்னால் தெரிகிற மாதிரி வை. 5.6, 8, 11, 16. ஒவ்வொரு படி மூடும்போதும் ஷட்டரை ஒரு படி மெதுவாக்கு. படத்தின் வெளிச்சம் மாறாது. பின்னால் வெறும் பச்சையாக இருந்தது மெல்ல மெல்ல இலை இலையாகத் தெரிய ஆரம்பிக்கும். உன் கேமராவில் ஒரே ஒரு சக்கரம்தான், அதனால் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சக்கரத்தைத் திருப்பினால்தான் அப்பர்ச்சர் மாறும். ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

அடுத்து மல்லிகைப் படம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

அதே மார்க்கெட்டில், கூடை நிறைய மல்லிகை மொட்டு. கூடை முழுவதும் படத்தில் நிறைகிற மாதிரி நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். மீட்டர் சரியாக நடுவில் பூஜ்யத்தில் இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். ஆனால் பூ பழைய வேட்டி நிறத்தில் வந்திருக்கிறது. கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்தாய். கோளாறு இல்லை. மீட்டருக்கு எதிரில் இருப்பது மல்லிகை என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே வைத்துக்கொண்டு எண் சொல்லும். விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்பது பழைய கணக்கு. சாம்பலைக் காட்டினால் சரியாகச் சொல்லும். வெள்ளையைக் காட்டினால் "இவ்வளவு வெளிச்சமா" என்று குறைத்துவிடும்.

எனக்கு இதை அப்பா எப்படிக் காட்டினார் தெரியுமா? மொட்டை மாடிக் கொடியில் அவருடைய வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு, பக்கத்தில் தாத்தாவின் கறுப்புக் குடையை விரித்து மாட்டினார். அப்போது எங்களிடம் இருந்தது பென்டாக்ஸ் கே1000. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் ஒரு மீட்டர் முள் இருக்கும், அது நடுவில் நிற்கிறவரை டயலைத் திருப்ப வேண்டும். கிட்டப் போய் வேட்டி மட்டும் தெரிகிற மாதிரி, முள்ளை நடுவில் வைத்து ஒரு படம். குடைத் துணி மட்டும் தெரிகிற மாதிரி, முள்ளை நடுவில் வைத்து இன்னொரு படம். "நீயே பிரிண்ட் போட்டுப் பார்" என்று ரோலைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு நெகட்டிவுக்கும் ஒரே அளவு நேரம் வெளிச்சம் காட்டிப் பிரிண்ட் போட்டேன். தட்டில் இரண்டும் மிதந்தன. இரண்டும் ஒரே சாம்பல். எது வேட்டி, எது குடை என்று நெசவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கண்ணால் பார்த்த வெள்ளையும் கறுப்பும் எங்கே போயின என்று அந்த இருட்டு அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஞாபகம் இல்லை. மேனுவலில் எடுப்பது எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த இரண்டு பிரிண்ட்தான் ஞாபகத்துக்கு வரும். எதிரில் இருப்பது வெள்ளை என்று கேமராவுக்கு யாராவது சொல்ல வேண்டும். உனக்குத்தான் அது தெரியும்.

சொல்வது சுலபம். மல்லிகையைப் பார்த்து மீட்டர் பூஜ்யம் காட்டினால் அங்கே நிறுத்தாதே. ஷட்டரை மூன்று க்ளிக் மெதுவாக்கி, கூட்டல் பக்கம் 1 என்று வரும்வரை கொண்டு போ. கறுப்புப் பட்டுப் புடவை, மழையில் நனைந்த கருங்கல் இதெல்லாம் என்றால் கழித்தல் பக்கம் ஒன்று.

மனுஷர்களை எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். நம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து எல்லாவற்றையும் குறைத்துவிடும், மாநிறமான முகம் இருண்டுவிடும். எத்தனையோ பேர் "நான் போட்டோவில் கறுப்பாக விழுவேன்" என்று ஸ்டுடியோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது. எடுத்தவர் செய்த தப்பை எடுக்கப்பட்டவர் தன் நிறத்தின் மேல் போட்டுக்கொள்கிறார். நீ அந்தத் தப்பைச் செய்யாதே. அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையை நீட்டு. கை மட்டும் படத்தில் நிறையும்படி பார்த்து, மீட்டர் கூட்டல் 1க்கு வரும்வரை திருப்பு. உள்ளங்கை எல்லோருக்குமே கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூட. அந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டு அவரைப் படமெடு. பின்னால் யார் வெள்ளை கட்டிக்கொண்டு நடந்து போனாலும் முகம் மாறாது. ஆட்டோவில் இருந்தால் ஒவ்வொருவர் போகும்போதும் மாறும்.

மூன்றாவது படம் எதிர் வீட்டுக் குழந்தை ஊஞ்சலில். 1/60 வைத்திருக்கிறாய், 1/500 வேண்டும். மூன்று ஸ்டாப். இப்போது உனக்கே கணக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஊஞ்சல் மேலே போய்த் திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அப்போது அழுத்து. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவையே தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறாய், அது சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக் கண்ணில் வை.

நாலாவது, பிறந்தநாள் படம். அன்றைக்கு நீ எடுத்ததில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளாக மங்கியும் வந்ததற்கு நீ காரணம் இல்லை. டியூப்லைட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். அந்த அறையில் 1/100 அல்லது 1/50 வைத்துக்கொள். ஒரு முழு ஏற்ற இறக்கம் உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கும்.

இனி அந்த ஐந்தாவது படம். பால்கனியில் வெயிலில் எடுத்த செம்பருத்தி. பூ பேய் மாதிரி வெளுத்து, இலையெல்லாம் வெள்ளைத் தாளாக வந்திருக்கிறது. எண்களைப் பார்த்ததும் அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐஎஸ்ஓ 3200. முந்தைய ராத்திரி பிறந்தநாளுக்கு வைத்ததை மாற்றாமலே காலையில் எடுத்திருக்கிறாய். எஃப் 8, 1/1000. நல்ல வெயிலுக்கு மீட்டரே தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் காலத்தில் ஃபிலிம் டப்பாவோடேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். எஃப் 16 வைத்துக்கொள், ஐஎஸ்ஓ எவ்வளவோ ஷட்டரும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. எஃப் 8க்குத் திறந்தால் 1/500. நீ வைத்த 3200 அதிலிருந்து ஐந்து ஸ்டாப் மேலே, 1/1000 ஒரு ஸ்டாப் கீழே. நான்கு ஸ்டாப் ஓவர், அதாவது வெளிச்சம் அவ்வளவு அதிகம்.

அந்தப் படத்தை அழித்துவிடாதே. நான் அழிக்காமல் வைத்திருக்கும் ஒரு ரோலைப் பற்றிச் சொல்கிறேன்.

1991. முகூர்த்த நாள். அப்பா மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதே நாளில் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வளைகாப்பு. பெண் போட்டோகிராபர் வந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். நான் தனியாகப் போன முதல் வேலை அது. முதலில் கொல்லைப்புறத்தில் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி இரண்டு மூன்று படம் எடுத்தேன். ரோல் 100, எஃப் 16, 1/125. எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப் போய் ஃபிளாஷை மாட்டி, அதற்கேற்ற மாதிரி அப்பர்ச்சரை மாற்றினேன். ஷட்டரை மாற்ற மறந்துவிட்டேன். கே1000இல் ஃபிளாஷ் போட்டால் 1/60. டயலில் 60க்குப் பக்கத்தில் எக்ஸ் குறி போட்டே கொடுத்திருப்பார்கள்.

அந்தக் கேமராவின் ஷட்டர் இரண்டு துணித் திரை. முதல் திரை விலகிப் போகும், இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். 1/60 வரைக்கும் முதல் திரை முழுவதுமாக விலகி, ஃபிலிம் மொத்தமும் திறந்திருக்கும் ஒரு நேரம் உண்டு. ஃபிளாஷ் கண் சிமிட்டுகிற அந்தத் துளி நேரத்தில் படம் முழுவதும் வெளிச்சம் விழும். 1/125இல் முதல் திரை முடிவதற்குள் இரண்டாவது பாதி தூரம் வந்துவிடும்.

நான்கு நாள் கழித்து ரோலை டெவலப் செய்தோம். 22 படம் பாதி இருட்டு. ஒரு படத்தில் வளையல் அடுக்கிய கை மட்டும் இருக்கிறது, ஒவ்வொரு கண்ணாடி வளையலும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. அந்தப் பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அப்பா என்னைத் திட்டவில்லை. நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "60" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நானே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதே புடவையைக் கட்டிக்கொண்டு, கழற்றாத வளையல்களோடு, கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் மாமியார் சந்தனக் கிண்ணத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தார். எடுத்துக் கொடுத்தேன், பணம் வாங்கவில்லை. ஆனால் முதல் நாள் வந்திருந்த நாற்பது பேர் மறுபடி வரவில்லை. அந்த ஊர்க் கிழவிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசியது எந்தப் படத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேமராவோடு எந்த வாசல்படியைத் தாண்டினாலும், உள்ளே போனாலும் சரி, வெளியே வந்தாலும் சரி, கண்ணில் வைப்பதற்கு முன்னால் மூன்றையும் ஒரு தடவை பார்ப்பேன். ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஷட்டர். இரண்டு விநாடிகூட ஆகாது. உன் கேமராவில் அந்த வளைகாப்புத் தப்பு நடக்காது, உள்ளே இருக்கும் ஃபிளாஷைத் திறந்தால் 1/200க்கு மேல் அதுவே போகாது. ஆனால் செம்பருத்திக்கு நடந்தது நடக்கும். உன் பால்கனிக் கதவிலிருந்தே ஆரம்பி.

எப்போதும் எம்மிலேயே எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அப்பாவே டிஜிட்டல் வந்த பிறகு பெரும்பாலும் ஏ மோடில்தான் எடுத்தார். அப்பர்ச்சரை அவர் சொல்வார், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஓடுகிற குழந்தை, மேகம் வந்து வந்து போகிற நாள், இதற்கெல்லாம் எம் மோடில் தடுமாறிக்கொண்டிருந்தால் படம் போய்விடும். ஆனால் முதல் மூன்று நாலு மாதம் எம்மிலேயே இரு. அப்புறம் ஏ மோடுக்குப் போனால், கேமரா எங்கே தப்பாக முடிவெடுக்கிறது என்று அது எடுக்கும்போதே உனக்குத் தெரிந்துவிடும். ராவ் ஃபைல், எடிட்டிங் இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 50 எம்எம் லென்ஸ் வாங்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாயாம். வாங்கு, ஆனால் இந்த லென்ஸில் சொம்பை எடுத்து முடித்த பிறகு.

அப்பா எனக்கு மாதம் ஒரு ரோல்தான் கொடுப்பார். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை நேற்றுப் பரணில் தேடி எடுத்தேன். "7. கொல்லை, முருங்கை மரம், வெயில். 125, 16. சரி. 8. அதே மரம், நிழல் பக்கம். 125, 16. அண்டர். 9. அதே. 60, 8. சரி." அண்டர் என்றால் வெளிச்சம் போதவில்லை. இப்படியே பக்கம் பக்கமாக. ஒன்பதாவது படத்தை எடுத்தபோது நான் எங்கே நின்றேன் என்றுகூட ஞாபகம் வருகிறது, கிணற்றடியில், தோய்க்கிற கல் மேல். உனக்கு எண்களைக் கேமராவே எழுதி வைத்துவிடுகிறது. ஆனால் நீ என்ன நினைத்து அதை வைத்தாய் என்பதை அது எழுதாது. அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வை. "விரல் நிற்க வேண்டும், அதனால் 1/320" என்று ஒரு வரி போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு மறுபடி போ. அதே பூக்காரம்மா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். 3200, 1/320, எஃப் 5.6 என்று வாசலிலேயே வைத்துக்கொண்டு போ. நன்றாக வந்தால் 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, அதற்கடுத்த வாரம் அவர் கையில் கொடு. வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வராதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பா படித்துவிட்டார். அவர் சேர்க்கச் சொன்னது: நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு வ்யூஃபைண்டரில் பார்க்கிறாயா, போட்டுக்கொண்டு பார்க்கிறாயா? எப்படிப் பார்த்தாலும், கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் உன் கண்ணுக்குத் தெளிவாகிறவரை அதைத் திருப்பிக்கொள். மீட்டர் கோடு மங்கலாகத் தெரிகிறது என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு அதே யோசனை.